எட்டு ஸ்பிறிங்கும் ஒரு மண்ணெண்ணெய்க் காரும்

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் போன மாசம் தும்மத் தொடங்கியது. ஸ்ராட் பண்ணினால் எஞ்சின் ஓடும், ஆனால் ஓட்டத்தில் ஒரு நொண்டல் இருக்கும். அக்சிலேற்றரை மிதித்தால் காபறேற்றர் பக்கத்தால் ‘பஃப், பஃப்’ என்று திருப்பித் துப்பும். பெரியப்பா பிளக் மாத்தினார், பொயின்ற் சுத்தம் பண்ணினார், காபறேற்றரைக் கழற்றி ஊதினார். துப்பல் நிற்கவில்லை. கடைசியில் மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு அவருக்குப் பழக்கமான கராஜுக்குப் போனோம்.

அங்கே இருக்கிற அண்ணைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவது சரியா என்று தெரியாது. பெரியப்பாவும் அப்படித்தான் கூப்பிடுகிறார், ஊரும் அப்படித்தான் கூப்பிடுகிறது. அவர் ஒரு நீளமான ஸ்குறூ டிரைவரை எடுத்து அதன் நுனியை எஞ்சினுக்கு மேலே இருக்கிற றொக்கர் மூடியில் வைத்து, பிடியைக் காதில் வைத்தார். நாலு இடத்தில் வைத்துக் கேட்டார். பிறகு, “மூண்டாம் சிலிண்டர். இன்லெற் வால்வு ஸ்பிறிங் உடைஞ்சிட்டுது” என்றார்.

எனக்கு ஒரு சின்னச் சந்தோசம். ஏனென்றால் முதல் நாள் இரவுதான் யூரியூப்பில் வால்வு ஸ்பிறிங் மாத்துற வீடியோக்களைப் பார்த்திருந்தேன். அதில் ஒரு கயிற்று வித்தை இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைக்குள்ளால் சிலிண்டருக்குள் ஒரு முழக் கயிற்றை விடவேணும், நுனி வெளியே நிற்கவேணும். பிறகு எஞ்சினைக் கையால் சுற்றினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றை மெத்தை மாதிரி வால்வுக்கு அடியில் அமத்திப் பிடிக்கும். இப்போது ஸ்பிறிங்கைக் கழற்றினாலும் வால்வு உள்ளே விழாது. எஞ்சினின் தலையைக் கழற்றாமலே வேலை முடிந்துவிடும். அண்ணையிடம் இதை ஏதோ நான் கண்டுபிடித்த மாதிரிச் சொன்னேன்.

“அது பழைய வேலை தம்பி. தேங்காய்க் கயிறு மட்டும் விடக்கூடாது, தும்பு கொட்டும். நைலோன் கயிறு நல்லம்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, “ஆனா இந்தக் காருக்கு அது சரிவராது” என்றார்.

ஏன் சரிவராது என்பதற்கு அவர் சொன்ன காரணம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. மைனரில் இருக்கிற எஞ்சினில் றொக்கர் தண்டைப் பிடித்திருக்கிற நட்டுகளில் நாலு, சிலிண்டர் தலையையும் சேர்த்துத்தான் பிடித்திருக்கின்றன. றொக்கரைக் கழற்ற அந்த நாலையும் இளக்கவேணும். மற்ற நட்டுகளை இளக்காமல் அதை மட்டும் இளக்கினால் தலை ஒருபக்கமாக நெளியும், றேடியேற்றர் தண்ணி சிலிண்டருக்குள் இறங்கும். ஆகவே தண்ணியை வெட்டி, எல்லா நட்டையும் ஒழுங்குமுறையாக இளக்கி, தலையையே தூக்கி மேசையில் வைக்கவேண்டும். கார் செய்த கொம்பனியின் கைநூலிலும் இதே எச்சரிக்கைதான் இருக்கிறது. அண்ணை அந்தக் கைநூலைப் படித்தவரா என்று நான் கேட்கவில்லை.

தலை மேசைக்கு வந்தது. எட்டு வால்வு, எட்டு ஸ்பிறிங். மூன்றாம் சிலிண்டரின் ஸ்பிறிங் இரண்டாம் சுற்றில் முறிந்து, இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று திருகி இறங்கியிருந்தது. அதனால்தான் கார் முழுதாக நிற்காமல் நொண்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. மற்ற ஏழையும் அண்ணை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வரிசையாக நிறுத்தினார். பக்கத்தில் புது ஸ்பிறிங் ஒன்றை வைத்தார். ஏழும் புதியதைவிடக் கட்டை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குக் கட்டை.

“எட்டையும் மாத்தோணும்” என்றார். பெரியப்பாவின் முகம் கொஞ்சம் வாடியது.

இந்தக் காரைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பழைய கார் இருக்கிற எந்த வீட்டிலும் அந்தக் கதை இருக்கும். பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் கார் ஓடினது, எங்கட ஆக்கள் எதையும் சமாளிப்பாங்கள். முகநூலில் வருசத்துக்கு இரண்டு தரமாவது ஒரு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜின் படத்தோடு இது சுற்றும். நானும் பகிர்ந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கண்ணாடியில் நின்ற ஏழு ஸ்பிறிங்கையும் பார்த்தபோது, கதையில் எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்பது எங்கேயும் வரவில்லையே என்று பட்டது. கார் ஏன் ஓடியது? எந்தக் காராக இருந்தாலும் ஓடியிருக்குமா? ஓடினதற்கு ஆர் விலை கொடுத்தது?

முதலில் ஸ்பிறிங்கின் வேலை. எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு கதவுகள். ஒன்றால் காற்றும் எரிபொருளும் உள்ளே வரும், மற்றதால் புகை வெளியே போகும். கதவைத் திறப்பது காம் என்கிற முட்டை வடிவத் தண்டு. திறக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். மூடுவது ஸ்பிறிங். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 தரம் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 1000 தரம் திறந்து மூடும். மணித்தியாலத்துக்கு 60,000. ரவுணில் இருந்து பருத்தித்துறைக்குப் பழைய காரில் ஆறுதலாகப் போய்ச் சேருவதற்குள் எட்டு ஸ்பிறிங்கும் ஆளுக்கு அறுபதினாயிரம் தரம் நசுங்கி நிமிர்ந்திருக்கும். ஒரு தரம் பிந்தினால் வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் கசியும், தும்மும்.

தொடக்கத்தில் இது இவ்வளவு கடினமான வேலையாக இருக்கவில்லை. 1890களின் கடைசியில் ஓடின டி டியோன் போத்தோன் போன்ற எஞ்சின்களில் உள்ளே விடுகிற வால்வைத் திறக்க காமே கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது வருகிற உறிஞ்சல் வால்வைத் தானாக இழுத்துத் திறக்கும். அதற்கு ஒரு மெல்லிய ஸ்பிறிங் போதும். பேனைக்குள் இருக்கிறதைவிடக் கொஞ்சம் பெரிசு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடினால்தான் பிரச்சினை. உறிஞ்சல் போதாமல் போனது, இரண்டு வால்வுக்கும் காம் வந்தது, ஸ்பிறிங் தடித்தது. எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்ற, தடித்த ஸ்பிறிங்கும் முறியத் தொடங்கியது.

முறிவுக்கு ஒரு காரணம் விளங்குவதற்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. ஒவ்வொரு ஸ்பிறிங்குக்கும் தனக்கென்று ஒரு அதிர்வு இருக்கிறது, வீணைத் தந்தி மாதிரி. காம் அடிக்கிற தாளம் அந்த அதிர்வோடு ஒத்துவந்துவிட்டால் ஸ்பிறிங்குக்குள்ளேயே அலை ஓடும். மேலும் கீழும் அசையாத மாதிரித் தெரிகிற நடுச்சுற்றுகள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று மோதும். அதைத் தடுக்கத்தான் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிறிங் போட்டார்கள், சுற்றுகளை ஒருபக்கம் நெருக்கியும் மறுபக்கம் விரித்தும் சுற்றினார்கள். பந்தயக்காரர்கள் பொறுமை இழந்தார்கள். கொண்டை ஊசி வடிவ ஸ்பிறிங் போட்டுப் பார்த்தார்கள். 1954இல் மெர்சிடஸ் தன் டபிள்யூ 196 பந்தயக் காரில் ஸ்பிறிங்கையே விட்டுவிட்டு, திறக்க ஒரு காம், மூட இன்னொரு காம் என்று வைத்தது. அடுத்த வருசம் பான்ஜியோ அந்தக் காரில் உலகப் பட்டம் வென்றார். டுக்காட்டி மோட்டார் சைக்கிள்களில் அந்த முறை இன்றைக்கும் இருக்கிறது. 1986இல் ரெனோ பார்முலா வன் எஞ்சினில் உருக்குக்குப் பதிலாக அமுக்கிய காற்றையே ஸ்பிறிங் ஆக்கியது. இதெல்லாம் வாசிக்க நல்ல கதைகள். எங்கள் றோட்டுக்கு வரவில்லை.

எங்கள் றோட்டுக்கு வந்த மாற்றம் வேறு. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கண்டுபிடிப்பு, ஆனால் ஒருத்தரும் போஸ்ரர் அடிப்பதில்லை. 1930 அளவில் அமெரிக்காவில் ப்யூயிக் கொம்பனியின் பொறியியலாளர்கள் சிலர் ஒன்றைக் கவனித்தார்கள். சின்னச் சின்ன உருக்குக் குண்டுகளை விசிறி அடித்த ஸ்பிறிங்குகள், அடிக்காதவற்றைவிட நீண்ட நாள் முறியாமல் இருந்தன. மேற்பரப்பை அடித்துக் காயப்படுத்தினால் பலம் குறையவேண்டும் என்றுதான் ஆரும் நினைப்பார்கள். நடந்தது மறுபக்கம். ஜெனரல் மோட்டர்ஸில் வேலை செய்த ஜோன் அல்மென் என்பவர் இதை அளக்க ஒரு வழி கண்டார். மெல்லிய உருக்குத் தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் குண்டு அடித்தால், அடிபட்ட பக்கம் விரிந்து தகடு வளைகிறது. எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு அடி இறங்கியிருக்கிறது. அந்தத் தகட்டுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். விமானப் பாகங்கள் செய்கிற இடங்களிலும் பாவிக்கிறார்கள்.

காரணம் இதுதான். ஸ்பிறிங் நடுவில் இருந்து முறிவதில்லை, தோலில் இருந்து முறிகிறது. ஒரு கீறல், ஒரு துருப்புள்ளி, குறடு பட்ட ஒரு தழும்பு போதும். ஒவ்வொரு நசுங்கலிலும் அந்தக் கீறல் கொஞ்சம் வாய் திறக்கும். குண்டு அடித்த தோல் உள்ளுக்குள் நெருக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால் கீறல் வாய் திறக்க முடியாது. கொல்லன் சம்மட்டியால் அடித்து இரும்பை இறுக்குவது பன்னெடுங்காலப் பழக்கம். அதை எண்ணி அளந்து செய்யத் தெரிந்ததுதான் 20ஆம் நூற்றாண்டின் வேலை.

அண்ணை உடைந்த துண்டை என் கையில் தந்து முறிவுமுகத்தைப் பார்க்கச் சொன்னார். பாதி கறுத்திருந்தது, பாதி புதுசாக மினுங்கியது. “கறுத்தது எப்பவோ வெடிச்சது. மினுங்குறது போன மாசம்” என்றார். கறுத்த பாதியின் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு துருக்குழி இருந்தது. எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது. ஓடாமல் நிற்கிற எஞ்சினில் எண்ணெய் வடிந்து காய்ந்தபிறகு துரு பிடிக்க அதிக நாள் தேவையில்லை. இந்தக் கார் எப்போது ஓடாமல் நின்றது என்று பெரியப்பாவைக் கேட்டேன். “95இல விட்டிட்டுப் போனது. திரும்பி வரேக்க கோழி குஞ்சு பொரிச்சு வச்சிருந்தது” என்றார். ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்ட சனத்தில் பெரும்பான்மை நடந்துதான் போனது. மண்ணெண்ணெய்க் கார்க் கதையில் அந்த இரவு வருவதில்லை.

இனிக் காரின் கதை. மொறிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியானது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்ததும் அதே வருசம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. முதலில் 918 சிசி பக்கவால்வு எஞ்சின், 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒரே கொம்பனி ஆனபிறகு ஒஸ்ரினின் 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098. நிறுத்தும்வரை 16 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இரண்டு விசயத்தைக் கவனிக்கவேணும். ஒன்று, இந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. 803 சிசிக்கு 7.2. பெரியப்பாவின் 948க்கு 8.3, ஆனால் மட்டமான பெற்றோல் கிடைக்கிற இடங்களுக்கென்று 7.2 உள்ள ஒரு வகையும் இருந்தது. (இப்போதைய ஹைபிரிட் கார்களில் 13 என்று எழுதியிருக்கும். அது வேறு கணக்கு.) இரண்டாவது, இது அடிக்கடி திறப்பதற்கென்றே செய்த எஞ்சின். அந்தக் காலத்துக் கைநூல்கள் குறிப்பிட்ட மைலுக்கு ஒருக்கால் தலையைக் கழற்று, கரியைச் சுரண்டு, வால்வை அரை, ஸ்பிறிங்கைப் புதியதோடு ஒப்பிட்டு உயரம் பார் என்று எழுதின. கராஜ்காரருக்கு மட்டும் எழுதவில்லை, கார் வைத்திருப்பவருக்கும் எழுதின. அண்ணை கண்ணாடித் துண்டில் செய்தது அதுதான்.

இந்தக் கார்கள் யாழ்ப்பாணத்தில் நின்று நிலைத்ததற்கு முதற்காரணம் போர் இல்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கியது. 1977வரை புதுக் கார் என்பது அநேகமாக இல்லை. இருந்த ஏ-போட்டியும் சோமசெற்றும் மைனரும்தான் தீவு முழுக்க கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடின. கழற்றிப் பூட்டுகிற பழக்கம் அப்போதே வந்துவிட்டது. அண்ணை வேலை பழகியது 1960களின் கடைசியில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டு, முதல் இரண்டு வருசம் மண்ணெண்ணெயில் நட்டுக் கழுவியதாகச் சொன்னார். ஆக, தடை வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே இருபது வருசம் தட்டுப்பாட்டில் கைபழகிய ஒரு தலைமுறை நின்றது. அதே தலைமுறை மாத்தறையிலும் குருநாகலிலும் நின்றது. இதை நாங்கள் சொல்வதில்லை, சொன்னால் கதையில் ‘எங்கட ஆக்கள்’ என்ற சொல் கொஞ்சம் இளகிவிடும்.

1987 ஜனவரியிலேயே யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை ஒருதரம் வந்தது. 1990 யூனில் மறுபடி போர் தொடங்கியபிறகு வந்ததுதான் நீண்ட தடை. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம், வாகன உதிரிப்பாகங்கள் என்று பட்டியல் நீண்டது. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில் கொஞ்சம் வந்தது.

மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடுமா? ஓடும், சூடாக இருந்தால். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் தொடங்குவதற்கு மட்டும் துளி பெற்றோல் விட்டார்கள். சேலைன் போத்தலும் குழாயும் அதற்குத்தான் உதவின. சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தினார்கள். இது முழுக்க எங்கள் கண்டுபிடிப்பு என்று நான் நீண்ட காலம் நம்பியிருந்தேன். பிரித்தானியாவில் 1940களிலும் 50களிலும் வயல் உழுத பெர்குசன் ட்ரக்ரர்களில் ஒரு வகை இதே முறையில்தான் வேலை செய்தது. மண்ணெண்ணெய்க்குக் கிட்டத்தட்ட உறவான ஒரு எண்ணெய், பெற்றோலில் தொடங்கி சூடேறினதும் மாத்துவதற்கு ஒரு குழாய்த்திருகி, குறைந்த அமுக்க விகிதம். யாழ்ப்பாணத்து மெக்கானிக்குமார் அதைக் கேள்விப்பட்டுச் செய்தார்களா, தாங்களாக வந்து சேர்ந்தார்களா? அண்ணையைக் கேட்டேன். “ட்ரக்ரர் எங்களுக்கும் தெரியும்தானே” என்று மட்டும் சொன்னார். இரண்டும் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் சூட்டில் ஆவியானாலும் எல்லாம் எரிவதில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணி மாதிரி ஆகும், பெயாரிங் தேயும். எரிந்ததின் மிச்சம் கரியாகவும் பிசினாகவும் வால்வுத் தண்டில் ஒட்டும். தண்டு தன் குழாய்க்குள் இறுகும். இறுகின வால்வை மூடுவதற்கு ஸ்பிறிங் தான்தான் போராடவேணும், ஏற்கெனவே இருபது முப்பது வருசம் நசுங்கிக் கட்டையாகிவிட்ட ஸ்பிறிங். வால்வு மூடாமல் நின்றால் வெடிச்சூடு அந்த இடைவெளியால் சீறிக்கொண்டு போய் வால்வின் விளிம்பைத் தின்னும். பல்லுப் போன மாதிரி ஒரு துண்டு காணாமல் போகும். கதையில் வருகிற ‘சமாளிப்பு’ உண்மையில் இந்த இடத்தில்தான் நடந்தது, றோட்டில் இல்லை, மேசையில். மாசக்கணக்கில் அல்ல, சில நேரம் கிழமைக்கணக்கில் தலையைக் கழற்றிக் கரி சுரண்டினதாக அண்ணை சொன்னார்.

ஸ்பிறிங்குக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“புதுசு எங்க? ஓடாத கார் ஒண்டில இருந்து எடுக்கிறது. அதுவும் கட்டைதான், ஆனா இதைவிடக் கொஞ்சம் உயரம். எட்டையும் உயரப்படி பிரிச்சு, நல்லதுகளைப் புகைபோற வால்வுக்குப் போடுறது, சூடு அங்கதான் கூட. மிச்சத்துக்கு அடியில வாசர் வைக்கிறது.”

இழுத்து நீட்டிப் பார்க்கவில்லையா?

“நீட்டலாம். ரெண்டு நாளைக்கு நிக்கும்.”

வாசர் வைப்பது மோசடி வேலை இல்லை. ஸ்பிறிங்குக்கு அடியில் ஒரு தகடு வைத்தால் அது பூட்டியிருக்கும் உயரம் குறையும், கட்டையான ஸ்பிறிங்கும் கொஞ்சம் கூடுதலாக அமுக்கும். இன்றைக்கும் எஞ்சின் கட்டுகிறவர்கள் அளந்து வைக்கிறார்கள். அளவு தவறினால்தான் ஆபத்து. வால்வு முழுதாகத் திறக்கும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் அடுத்து வளைவது தள்ளுதண்டு. அண்ணையிடம் அளக்க வேர்னியர் இருந்தது. பலரிடம் இருக்கவில்லை, விரலால் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு முரண் இருக்கிறது. அதே 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த மொறிஸ் மைனர் சென்ரரின் சார்ல்ஸ் வெயர் என்பவர், இலங்கையில் மைனர் காருக்கான பாகங்களைக் கையால் செய்விக்கும் ஒரு தொழிற்கூடத்தைத் தொடங்கினார். காரை எறிந்து புதுசு வாங்குவதைவிடக் காலத்துக்கும் திருத்தி ஓடுவதுதான் இலாபம் என்று 1982இலேயே புத்தகம் எழுதியவர் அவர். தென்னிலங்கைத் தொழிலாளரின் தகர வேலை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. வவுனியாவைத் தாண்டி ஒரு வால்வு ஸ்பிறிங் வடக்கே வர அனுமதி இல்லை. ஒரே தீவு, ஒரே கார்.

அண்ணைக்கு மண்ணெண்ணெய்க் கார்க் கதை பிடிக்காது. நான் முகநூல் படத்தைக் காட்டினபோது கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “சந்தோசத்திலயா ஓட்டினாங்கள்? வருத்தக்காரரை ஏத்திறதுக்கு ஓட்டினது. புகை கண்ணை எரிக்கும், பின்சீற்றில இருக்கிற பிள்ளைத்தாச்சி சத்தி எடுக்கும்.” பெரியப்பா இன்னொன்று சொன்னார். காருக்கு விட்ட ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெயும் ஆரோ ஒரு வீட்டின் விளக்கில் இருந்து போனது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகளைப் பற்றியும் நாங்கள் பெருமையாகத்தான் எழுதுகிறோம். இரண்டு பெருமையும் ஒரே பங்கீட்டு அட்டையில் இருந்துதான் வந்தன என்று எழுதுவதில்லை.

நான் பெருமைப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. பெருமையின் விலாசம் பிழை என்றுதான் சொல்கிறேன். ‘யாழ்ப்பாணத்தான் மூளை’ என்று பொதுவாகச் சொன்னால் அது ஆருக்கும் சொந்தமில்லை. எட்டு ஸ்பிறிங்கை உயரப்படி பிரித்தது குறிப்பிட்ட ஆட்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடம் இடைநின்றவர்கள், கராஜில் எடுபிடியாகச் சேர்ந்தவர்கள். கார் வைத்திருந்தவர்களின் நினைவுகள் புத்தகமாக வந்துவிட்டன. திருத்தினவர்களின் நினைவு கண்ணாடித் துண்டோடு இருக்கிறது. இன்னொன்று, அவர்களால் திருத்த முடிந்ததற்குப் பாதிக் காரணம் அந்த எஞ்சின் திறக்க விட்டது என்பது. இன்றைக்கு அதே தடை வந்தால் எங்கள் வாசலில் நிற்கிற எந்தக் கார் ஒரு மாசம் தாண்டும்?

இப்போதைய ஸ்பிறிங் அநேகமாக முறிவதில்லை என்பது உண்மை. உருக்கு சுத்தம், குண்டு அடி கணக்காக விழுகிறது, கார் பழசாகி விற்றுப்போகும்வரை ஒருத்தரும் அதைக் கண்ணால் காண்பதில்லை. ஆனால் முறிந்தால்? 2018 நவம்பரில் சுபாரு உலகம் முழுக்க சுமார் 4 லட்சம் கார்களைத் திருப்பி அழைத்தது. காரணம் வால்வு ஸ்பிறிங் முறியக்கூடும் என்பது. அந்த எஞ்சினில் சிலிண்டர்கள் படுத்திருக்கும், தலைகள் இரண்டு பக்கமும் காரின் உடலோடு நெருங்கி நிற்கும். ஸ்பிறிங் மாத்த எஞ்சினையே காரில் இருந்து இறக்கவேண்டியிருந்தது. மாத்தி அனுப்பின கார்களில் சிலது பிறகு எஞ்சின் பழுதாகி வந்தன. மூடியை ஒட்டப் பூசின பசை கூடிப்போய் உள்ளே எண்ணெய்ப் பாதையை அடைத்தது என்று சொல்லப்பட்டது. கொம்பனியின் சொந்தக் கராஜ், கொம்பனியின் சொந்த ஸ்பிறிங். இதை அண்ணைக்குச் சொன்னேன். அவர் சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “பாவம் பெடியள், பழகேல்லப் போல” என்றார்.

எங்கள் வேலைக்கு இரண்டு நாள் எடுத்தது. புது ஸ்பிறிங் எட்டும் கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்தது. அண்ணையின் உதவிக்கு நிற்கிற பெடியனுக்கு பத்தொன்பது வயது. ஸ்கானர் போட்டுக் கார் பார்க்கத் தெரியும், வால்வு அரைக்க இதுதான் அவனுக்கு இரண்டாம் தரம். ஸ்பிறிங்கை அமத்துகிற கிளாம்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பூட்டுகிற சின்ன அரைத்துண்டு ஒன்று தெறித்து மணலில் விழுந்தது. மூன்று பேரும் காந்தத்தைக் கட்டி அரை மணித்தியாலம் தேடினோம். அண்ணை பேசவில்லை, அடுத்த தரம் தெறிக்காமல் இருக்க அந்தத் துண்டுக்குக் கிறீஸ் பூசி ஒட்டச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு தலையை ஏற்றி, நட்டுகளை நடுவில் இருந்து வெளியே வெளியே என்று இறுக்கி, வால்வு இடைவெளியை 0.012 அங்குலத்துக்கு வைத்தார்கள். எஞ்சின் இரண்டாம் சுற்றில் பிடித்தது. தும்மல் இல்லை.

பெரியப்பா காசு எண்ணிக்கொண்டிருக்க, அண்ணை பழைய ஏழு ஸ்பிறிங்கையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒயில் பூசி, பேப்பரில் சுற்றினார். ஒவ்வொன்றின் உயரத்தையும் பேப்பரில் பென்சிலால் எழுதியிருந்தார். ஒன்றைக் குப்பையில் போட்டார். ஆறை அலுமாரியில் வைத்தார்.

ஐந்நூறு மைல் ஓடினபிறகு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், நட்டுகளைத் திருப்பி இறுக்கி இடைவெளி மறுபடி பார்க்கவேணுமாம். பெரியப்பா ஓட்டுகிற வேகத்துக்கு அது தைப்பொங்கலுக்குக் கிட்டவாகத்தான் இருக்கும். அன்றைக்கு நான் றெக்கோடரையும் கொண்டு போகிறேன். அண்ணையிடம் கேட்டுவிட்டேன், “என்னத்தைக் கதைக்கிறது” என்றார், வேண்டாம் என்று சொல்லவில்லை.